சூடு ஏறுவதற்குள்

நிமிர்ந்தால் இடுப்பு பிடித்துக்கொண்டது மருமகளுக்கு.

“ஃப்ரீசர்ல வச்சியாடி?” மாமியார் தலைக்கு மேலேயே நின்றாள்.

“நேத்தே வச்சாச்சு அத்தை.”

“எடுத்த உடனே போட்டுடணும். சூடு ஏறிடுச்சுன்னா போச்சு. பத்து மணிக்கு மூணு பேர் வராங்க, என் மானத்தை வாங்கிடாதே.”

“முன்னாடி இருந்ததைக் கெடுத்தது நானா?”

“வாயைக் குறைச்சுக் கையை ஓட்டு.”

மருமகள் ஃப்ரீசரைத் திறந்தாள். குளிரில் சுருங்கியிருந்த எஃகு புஷ்ஷை, போல்ட் நுழையும் அந்தச் சிறு குழாயை, எடுத்து, குட்டி விமானத்தின் இன்ஜின் முகப்பில் இருந்த துளையில் வைத்து அழுத்தினாள். வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. ப்ரொப்பெல்லரை மாட்டி போல்ட்டுகளை முடுக்கினாள்.

பத்து மணிக்கு மூன்று பயணிகளும் ஏறினார்கள். பைலட் சீட்டில் மாமியார் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். “கைராசிக்காரிடி நீ!”

மருமகளுக்கு இடுப்பு வலி பாதி இறங்கியது. பழைய புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து நசுக்கியதற்கு மாமியார் கேட்க வேண்டிய மன்னிப்புதான் இன்னும் பாக்கி.