சிவப்புச் சாய்கோடு

கண்ணாடிப் பெட்டிக்குள், அந்தக் காலக் கணினிக்கு நிரலை ஊட்டிய நானூறு துளை அட்டைகள் ஒரே கட்டாக இருக்கின்றன. கணினித் துறையின் முன்னோடி என்று டாக்டர் கோமளவல்லிக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த நிரல் அது. கட்டின் மேல்விளிம்பில், ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை, சிவப்பாக ஒரு சாய்கோடு. பேட்டியெடுக்க வந்த பெண் குனிந்து பார்த்தாள்.

"இது எதுக்கு மேடம்?"

"கட்டு கீழ விழுந்து கலைஞ்சா, கோடு சேர்ற மாதிரி அடுக்கினாப் போதும். வரிசை சரியாயிடும்."

"ஐயோ, சூப்பர்! யாரு மேடம் போட்டது?"

அட்டைகளில் துளையிட்டுத் தந்த ரெஜினா போட்டது, தன் நெயில் பாலிஷால். நிரலை எல்லோருக்கும் ஓட்டிக்காட்ட வேண்டிய அன்று, கோமளவல்லியின் கையிலிருந்துதான் கட்டு நழுவிச் சிதறியது. சத்தம் கேட்டு, கணினி நிலையத்தின் இயக்குநர் திரும்பியபோது கோமளவல்லியின் விரல் ரெஜினாவைக் காட்டியது. ரெஜினா தரையில் மண்டியிட்டு, கோட்டைப் பார்த்துப் பார்த்து அடுக்கிக் கொடுத்தாள். நிரல் பிசகாமல் ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் ரெஜினாவின் நாற்காலியில் வேறொருத்தி இருந்தாள்.

"நான்தாம்மா போட்டேன்" என்றார் கோமளவல்லி. ஆயுளில் ஒருநாளும் சாயம் பூசியறியாத விரல்களைப் புடவைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டார்.

கேமராக்காரர் கையை உயர்த்தினார். "ஸாரி மேடம், மைக் ஆன் ஆகலை. அந்தக் கடைசிக் கேள்விய மட்டும் இன்னொரு தடவை எடுத்துக்கலாம்."

பெண் மறுபடி குனிந்தாள். மறுபடி அதே வியப்போடு நிமிர்ந்தாள்.

"யாரு மேடம் போட்டது?"