பாரவண்டியில் வந்த மோட்டார்

பாரவண்டி நாங்குநேரியில் அம்மையப்பனின் தெருவுக்குள் திரும்பியபோது, மேலே கட்டியிருந்த மோட்டார் சைக்கிள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அம்மையப்பன் எட்டிக் கயிற்றைப் பிடித்து இழுத்தான். உள்ளங்கை கிழிந்தது. வலி என்று ஒன்றும் தெரியவில்லை. யாருடைய கையையோ பார்ப்பது போல அதைப் பார்த்துவிட்டு, வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"மாடு இல்லாம ஓடுத வண்டின்னு சொன்னிய, அண்ணாச்சி," என்றான் வண்டிக்காரன் தானியேல். "திருநெல்வேலி ஸ்டேஷன்ல இருந்து என் மாடுல்லா இதைச் சுமந்துக்கிட்டு வருது!"

தெருவே சிரித்தது.

ஆற்றுப் பாலம், பாளையங்கோட்டை, மூன்றடைப்பு என்று வழியெல்லாம் இதே சிரிப்புதான். அம்மையப்பனும் எல்லா இடத்திலும் சிரித்து வைத்தான். வாயைத் திறந்தால் போதும், சிரிப்பு மாதிரி ஒன்று தானாக வந்துவிடுகிறது.

புது வண்டி வெறுங்கழுத்தாகவா ஊருக்குள் போவது என்று தானியேல் வழியில் ஒரு அரளி மாலை வாங்கி விளக்கின் மேல் போட்டிருந்தான். அம்மையப்பன் தடுக்கவில்லை.

மோட்டார் அவன் தம்பி நாறும்பூநாதனுடையது. சென்னையில் உத்தியோகம் பார்த்த தம்பி, சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து ஆசைப்பட்டு வாங்கியது.

தம்பி இப்போது இல்லை. காய்ச்சல் என்று தந்தி கண்டு அம்மையப்பன் ஓடினான். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே தம்பி அடங்கிவிட்டான். அங்கேயே கொள்ளி வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பி, அம்மாவிடம் மட்டும் சொன்னான்.

அம்மா தொழுவத்தில் வைக்கோலுக்குள் முகத்தைப் புதைத்து அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "கோமு காதுல விழக் கூடாதுலே," என்றாள்.

வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் புருஷன் செத்த சேதியைச் சொல்வதில்லை. பிள்ளை பிறக்கிற வரை அவளுக்குத் தாலியும் பூவும் பொட்டும் அப்படியே இருக்கும். வீடு வாயை மூடிக்கொண்டிருக்கும்.

நாறும்பூநாதன் மனைவி கோமுவுக்கு இது எட்டாம் மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இதுவும் போய்விட்டால், நாறும்பூநாதன் என்று ஒருவன் இருந்ததற்கு அடையாளமாக அந்த வீட்டில் எதுவும் மிஞ்சாது.

அதனால் கருமாதி நடக்கவில்லை. அம்மையப்பன் தலையை மழிக்கவில்லை, மீசையை எடுக்கவில்லை. தீட்டு வீட்டில் அம்மா தினமும் கோலம் போட்டாள், விளக்கேற்றினாள், மருமகளுக்குப் பூத் தொடுத்துக் கொடுத்தாள்.

மோட்டாரைக் கொண்டுவரச் சொன்னதும் அம்மாதான். வண்டி முன்னால் வந்துவிட்டால் ஆள் பின்னால் வருவான் என்று கோமு நம்புவாள்.

பாரவண்டி வாசலில் நின்றது. பலகைகளைச் சாய்த்து வைத்தார்கள். எதிர்வீட்டு அம்பலவாணன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கை கொடுத்தார்.

"சவம், என்ன கனம் கனக்குவே!" என்று மூச்சு வாங்கினார். "உம்ம தம்பி இதை எப்படி வே கட்டி மேய்க்கான்?"

"பழக்கம்தான்," என்றான் அம்மையப்பன். சரியான பதிலாகத்தான் இருந்தது.

சக்கரங்கள் தரையைத் தொட்டன. மோட்டார் வாசல் கோலத்தின் மேல் போய் நின்றது.

கோமு கதவோரம் நின்றிருந்தாள். தலை நிறையப் பூ. ஒரு கையை இடுப்பில் ஊன்றியிருந்தாள்.

"ஆரத்தி எடுக்கண்டாமா, அத்தை?"

அம்மா அப்படியே நின்றுவிட்டாள். சாவு விழுந்த வீட்டில் ஆரத்தியா? எடுக்காவிட்டாலும் கோமு ஏன் என்று கேட்பாள். அம்மாவுக்குக் கை எழவில்லை. ஆட்களுக்கு மோர் கொண்டுவருவதாக முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கோமு தானே மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துத் தாம்பாளத்தோடு படியிறங்கினாள். தானியேலும் மற்றவர்களும் பலகைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மோட்டாரின் பக்கத்தில் அம்மையப்பன் மட்டும் நின்றான்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கோமு கணவனின் அண்ணனோடு நேரில் ஒரு வார்த்தை பேசியதில்லை. சொல்ல வேண்டியதைக் கதவுக்குப் பின்னால் நின்று, அத்தையிடம் சொல்வது போலச் சொல்வாள். அதுதான் அந்த வீட்டு முறை.

தாம்பாளத்தைச் சுற்றினாள். சிவந்த நீரில் விரலைத் தோய்த்து விளக்குக் கண்ணாடியில் பொட்டு வைத்தாள். தலை நிமிரவில்லை.

"அவுகளுக்குக் கொள்ளி வைக்கையில நீங்க ஒத்தையிலயா நின்னிய, அத்தான்?"

குரல் அவனுக்கு மட்டும்தான் கேட்டது.

இதை அம்மாகூட அவனிடம் கேட்கவில்லை. அம்மையப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சிரிப்பு மாதிரி அந்த ஒன்று இப்போது வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். தாம்பாளத்து நீர் ததும்பாமல் இருந்தது.

அம்மா மோர்ச் செம்போடு வாசலுக்கு வந்தாள். தெருவுக்கே கேட்கிற மாதிரிக் குரலை உயர்த்தினாள்.

"ஏலே, ஓந்தம்பி எப்பம்லே வாறானாம்?"

தைப்பூசத்துக்கு வருகிறான் என்று சொல்ல வேண்டும். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பதில். அம்மையப்பன் விளக்குக் கண்ணாடியில் இருந்த பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். அம்மா செம்பை நீட்டியபடியே நின்றாள்.

கோமு ஆரத்தியைத் தெருவில் கொட்டிவிட்டுத் திரும்பினாள். படியேறிப் போய், அந்தக் கையிலிருந்து செம்பை வாங்கிக்கொண்டாள்.

"பிள்ளை பிறந்ததும் வந்திருவாகளாம், அத்தை," என்றாள், சிரித்துக்கொண்டே. "அத்தான் சொல்லிக்கிட்டிருந்தாக."