ஐந்தாவது கை

ஓர் உணவு விடுதியின் சுவரில், பழைய கடலுயிர்ப் படங்களைச் சட்டம் போட்டு அழகுக்காக மாட்டியிருந்தார்கள். கதவிடுக்கில் வாலைப் பறிகொடுத்த பல்லி ஒன்று, வெளியே தலைகாட்ட வெட்கப்பட்டு, நட்சத்திர மீன் படத்துக்குப் பின்னால் இரண்டு நாளாகப் பட்டினி கிடந்தது.

"எனக்கும் குறைதான். நாலே கை. ஐந்தாவது இருக்க வேண்டிய இடத்தில் மைக்கறை என்கிறார்கள், சாப்பிட வருகிறவர்கள்" என்றது நட்சத்திர மீன்.

பல்லி கண்ணாடிமேல் ஏறி உற்றுப் பார்த்தது.

"கறையில்லை, அக்கா. குட்டியாக ஒரு கை முளைக்கிறது. வரைந்தவர் அதன் முள்ளைக்கூட விடாமல் போட்டிருக்கிறார்."

நட்சத்திர மீன் "இத்தனை வருஷமும் அது என்னோடுதான் இருந்ததா?" என்று மெதுவாகக் கேட்டது.

"இருந்திருக்கிறது" என்ற பல்லி, திரும்பித் தன் மொட்டை வாலை முதல்முறையாகப் பார்த்தது. பிறகு பூச்சிகள் மொய்க்கும் விளக்கை நோக்கி, எல்லோரும் பார்க்க, நடுச்சுவரில் நடந்தது.