இரண்டு ஸ்பூன்

மருந்துக்கடை அக்கா பேச எழுந்தால் வாசகர் வட்டத்தில் தேநீர்க் கோப்பைகள் மேசைக்கு இறங்கிவிடும்.

அன்றும் அப்படித்தான். நூலகத்தின் பின்னறையில் நீள மேசையைச் சுற்றி ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மாதத்து நாவலில் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சை நிறுத்திவிடுகிறாள். பெற்ற தாய்க்கு அது கண்ணிலேயே படுவதில்லை.

அக்கா அந்தத் தாயைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தாள்.

பதின்வயதுப் பிள்ளைகளை வளர்ப்பது பற்றி எந்த நாவல் வந்தாலும் முதல் ஆளாக எடுத்துப் போவது அவள்தான். வீட்டில் அதே வயதில் ஒன்று இருக்கிறதே, முன்கூட்டியே படித்து வைத்துக்கொண்டால் நல்லதுதானே என்பாள்.

பேச்சுக்கு நடுவே தன் மகளையும் இழுத்தாள். இரண்டு வாரமாகப் பள்ளிக்குக் கிளம்பும்போது சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பையில் வைக்கிறாளாம். விட்டால் வாசலிலேயே காலி பண்ணிவிடுவாள் போல என்று அக்கா சொல்ல, மேசை முழுக்கச் சிரித்தது.

பிறகு நாலாக மடித்த குறிப்புத் தாளைக் கையில் எடுத்தாள்.

அக்காவுக்குக் குறிப்பெழுத நோட்டெல்லாம் கிடையாது. பேருந்துச் சீட்டு, பழைய பில், அகப்பட்டதில் எழுதுவாள். அதையே பக்க அடையாளமாகவும் வைத்துக்கொள்வாள். இந்தத் தடவை புத்தகத்துக்குள்ளேயே ஒரு தாள் மடித்துக் கிடந்தது. கடையிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த மருந்துச் சீட்டாக இருக்கும் என்று நினைத்து, மடிப்பைப் பிரிக்காமல் மேலேயே பென்சிலால் எழுதத் தொடங்கிவிட்டாள்.

முதல் குறிப்பைப் படித்தாள். இரண்டாவதையும் படித்தாள். எதிரே இருந்த தையல்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தாளையே பார்த்தார்.

"உள்பக்கமும் நிறைய எழுதியிருக்கே அக்கா. அதையும் படிங்க, விட்டுடாதீங்க."

நான் எங்கே எழுதினேன் என்று சிரித்துக்கொண்டே அக்கா மடிப்பைப் பிரித்தாள்.

"அம்மா" என்று முதல் வார்த்தையைச் சத்தமாகவே படித்துவிட்டாள். எல்லோரும் மேலே என்ன என்று காத்திருந்தார்கள்.

மீதியை அக்கா மனசுக்குள்ளேயே படித்தாள்.

'அம்மா, நேர்ல சொன்னா அழுதுடுவேன். நீ தினமும் கையில எடுக்கறது இந்தப் புத்தகம்தான், அதனால இதுக்குள்ள வைக்கிறேன். மூணு மாசமா கிளாஸ்ல என்கூட யாரும் பேசறதில்ல. மதியம் மாடிப்படிக்குக் கீழே தனியா உக்காந்து சாப்பிடறேன். ஸ்கூலுக்கு வந்து சண்டை போடாதே. என்கிட்ட எதுவும் கேக்காதே. உனக்குத் தெரியும்னு தெரிஞ்சா போதும். நீ படிச்சிட்டேன்னா டப்பால ரெண்டு ஸ்பூன் வை. நான் புரிஞ்சுக்கறேன்.'

அக்கா பென்சிலை அழுத்தி எழுதுகிறவள். 'இந்தத் தாய்க்குக் கண் எங்கே போயிற்று?' என்று அவள் மேலே எழுதியது, உள்ளே மகளின் வரிகளுக்கு நடுவில் புடைத்துக்கொண்டிருந்தது.

எந்த மருத்துவரின் கிறுக்கலையும் ஒரு பார்வையில் படித்துவிடுகிறவள் என்று கடைவீதியில் அவளுக்குப் பெயர்.

காது மடல் சுட்டது. மேசைக்கடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. சற்றுமுன் இவர்கள் எல்லோரையும் சிரிக்க வைத்தாளே, அதை நினைக்க நினைக்க வெட்கத்தில் உடம்பு கூசியது. ஒவ்வொரு காலையும் டப்பாவுக்குள் ஒரே ஸ்பூன்தான் இருந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு, மூடியை அழுத்தி, "வர்றேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் பிள்ளை போயிருக்கிறாள்.

எழுந்து வீட்டுக்கு ஓட வேண்டும். ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

நேற்றுக் காலை நடந்ததை அக்கா வட்டத்தில் சொல்லவில்லை. சொல்லும்படி அதில் எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

நேற்று மகள் எட்டிப் பார்க்கவில்லை. இனிமேல் டப்பாவே வேண்டாம் என்றாள். ஏன் என்று அக்கா கேட்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று என்று அடுப்பை அணைத்தாள்.

அப்படிக் கிடைத்த இருபது நிமிடத்தில்தான் கடைசி அத்தியாயத்தை முடித்தாள். முடித்தபோது கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஒரு கையில் புத்தகம், மறு கையில் இந்தத் தாள்.

பையை மாட்டிக்கொண்டு வந்த மகள் அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அவள் முகம் சட்டென்று மலர்ந்தது. எதற்கென்று அக்காவுக்குப் புரியவில்லை.

"எதுக்கும்மா அழறே?" என்று மெல்லக் கேட்டாள்.

அக்கா தாளைப் பக்கங்களுக்கு நடுவே செருகிப் புத்தகத்தை மூடினாள்.

"கதைதாண்டி," என்றாள். "பாவம், அந்தப் பொண்ணு. அவ அம்மாகிட்டச் சொல்ல முடியாம எவ்வளவு தவிக்குது தெரியுமா?"