காத்துல கேக்கல!

"வண்டிக்கு வைப்பர் எப்போ மாட்டப் போறாரு ஜானகி, உன் வீட்டுக்காரரு?"

எதிர்வீட்டுச் சொர்ணம் அத்தை கேட்டதும் பொம்மனஹள்ளியில் எங்கள் சந்தே சிரித்தது. நானும்தான்.

அப்பா தன் பழைய பைக்குக்கு நெஞ்சு உயரத்தில் ஒரு விண்ட்ஷீல்டு மாட்டியிருந்தார். முன்னால் பார்த்தால் ஆட்டோ, பின்னால் பார்த்தால் பைக்.

அத்தை அதோடு விடவில்லை. "பொண்டாட்டிக்குக் கழுத்துல ஆபரேஷன் ஆகி ரெண்டு மாசம்தான் ஆகுது. பாவம், இனிமே வண்டி வேணாம், பஸ்ல போய்க்கறேங்கறா. முனியப்பனுக்கு மட்டும் மூஞ்சில காத்துப் படாத சொகுசு கேக்குது!"

அம்மா லேசாகச் சிரித்துவிட்டு உள்ளே போனாள். முன்பெல்லாம் ஒன்றுக்கு நாலாகத் திருப்பிக் கொடுப்பாள்.

சாயங்காலம் அதே வசனத்தை, அத்தையின் மூக்குக் குரலிலேயே, அப்பாவிடம் பேசிக் காட்டினேன்.

"அச்சு அசல் சொர்ணம்!" என்று சிரித்தாரே தவிர, கோபமே வரவில்லை. எனக்கு ஏமாற்றம்.

யார் குரலும் எனக்கு வரும். அதில் சூப்பர் ஹிட், அப்பா-அம்மா பைக் சீன். மாதம் ஒரு ஞாயிறு கிருஷ்ணகிரி மாமா வீட்டுக்குப் போவோம். சின்ன வயதில் நான் நடுவில். ஓசூர் ரோடு பூரா அம்மா கத்திக்கொண்டே வருவாள்.

"ஏங்க! மெதுவா போங்க!"

"என்னா? காத்துல கேக்கல!"

"மெதுவாஆஆ!"

"கேக்கல ஜானகி!" சொல்லிக்கொண்டே இன்னும் கொஞ்சம் முறுக்குவார். முதுகில் ஒரு அடி விழும். அதுக்கும் சிரிப்பார்.

கல்யாண வீடுகளில் இந்த சீனைக் கேட்டு வாங்கிச் சிரிப்பார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு நான் செய்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டார். "ஏறு மித்ரா. டெஸ்ட் பண்ணணும்."

சந்தாபுரா தாண்டி ரோடு விரிந்ததும் வண்டி அறுபதைத் தொட்டது.

"ஏதாவது பேசு."

"யாரு குரல்லப்பா?"

"யாரா இருந்தா என்ன, பேசு."

முன்னால் போகச் சொல்லிக் கன்னடத்தில் விரட்டும் பஸ் கண்டக்டரை எடுத்துவிட்டேன். "முந்தே ஹோக்ரீ, முந்தே ஹோக்ரீ!"

"கேக்குது."

மெக்கானிக் கிளெமென்ட் அண்ணன்: "எஞ்சின் போச்சு சார், வித்துடுங்கோ!"

"நல்லா கேக்குது. இப்ப அம்மா மாதிரி."

எவ்வளவு நாளாச்சு! தொண்டையைத் திறந்து ஒரே கத்து. "ஏங்க! மெதுவா போங்க!"

அப்பா வண்டியை ஓரம் கட்டினார்.

"அந்தக் குரல் இல்ல மித்ரா. இப்ப இருக்கற குரல்."

இப்போது இருக்கிற குரல். டாக்டர், 'இனி இவ்வளவுதாம்மா வரும்' என்று சொல்லிவிட்ட குரல். பாதி பேச்சு, பாதி மூச்சு. அதை மட்டும் நான் செய்து பார்த்ததே இல்லை.

கிளம்பினோம். அந்தக் குரலில் சொன்னேன்.

"கேக்கல," என்றார். இந்த முறை விளையாட்டில்லை.

இறங்கினார். ஸ்பேனரைப் போட்டுக் கண்ணாடியை ரெண்டு இன்ச் ஏற்றினார். மறுபடி அறுபது. மறுபடி சொன்னேன்.

"கேக்கல."

இன்னும் ஒரு இன்ச். இந்தத் தடவை கொஞ்சம் தன் பக்கமாகச் சாய்த்தார்.

மூன்றாவது முறை, காற்று எங்கள் தலைக்கு மேலே போனது. அப்பாவின் தோளருகே குனிந்து, அம்மாவின் இப்போதைய குரலில், மெல்ல,

"ஏங்க... மெதுவா போங்க."

முள் அறுபதிலிருந்து நாற்பதுக்கு இறங்கியது.

"சரி ஜானகி," என்றார் அப்பா.