யோகா மேட் அரக்கன்

மணிவேலின் அரக்கன் முகமூடி, ரமணாசிரமம் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் வாடகை அறையில் விட்டுப்போன யோகா மேட்டில் பிறந்தது. அவனுக்கு மூக்குத் துளை வழியாகத்தான் வெளியே தெரியும். கண்கள் வெறும் பெயிண்ட்.

கடைசியாகக் கண் வரைந்தபோது அம்மா சரசு, "கண்ணு தொறந்ததும் மொதல்ல கண்ணாடிதான்டா காட்டணும்," என்றாள்.

"இது என்னா சாமியாம்மா?" என்று சிரித்துவிட்டு, செல்போனைக் காட்டி ஒரு போட்டோ எடுத்தான்.

மறுநாள் வேங்கிக்கால் மண்டபத்தில் அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் விழா. வேஷப் போட்டிக்கு, அங்கே எடுக்கும் போட்டோவைப் பார்த்துத்தான் பரிசு. முகமூடியை மாட்டி, வாளை ஓங்கி நின்றான்.

"ப்ரோ, கண்ண மூடிட்டீங்க," என்றாள் போட்டோ எடுத்த அறிவுமதி.

"பெயிண்ட் அடிச்ச கண்ணு எப்டிங்க மூடும்?"

எல்லாப் படத்திலும் அரக்கனின் கண் மூடித்தான் இருந்தது. கழற்றிப் பார்த்தால் முட்டை முட்டையாக முழித்தது. மணிவேலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராவெல்லாம் கண் விழித்து ஒட்டியவன் அவன். தூக்கம் மட்டும் இதற்கா?

"தூங்குற அரக்கனுக்கு எப்டிப்பா பரிசு தர்றது? கடைசியா ஒண்ணு எடுங்க," என்றார் நடுவர்.

மணிவேல் முகமூடியைக் கழற்றி மார்போடு அணைத்து, அதன் காதில் சொன்னான்: "மானத்த வாங்காத. முழி." அப்புறம் கேமராவை முறைத்தான். அறிவுமதி எடுத்தாள்.

"அடேயப்பா, அரக்கனுக்கு என்னா பார்வ!" என்றார் நடுவர். படத்தைப் பெரிதாக்கினார். "ஆனா தம்பி, இப்ப நீ கண்ண மூடிட்டியே?"

"நான் மூடவே இல்ல சார்!"

அறிவுமதி இன்னும் நாலைந்து எடுத்தாள். பரிசு கிடைத்தது. கேடயத்தோடு எடுத்த படத்தில் அரக்கன் விழித்திருந்தான். மணிவேல் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான்.