சமையலறைக்குக் கேட்கும் தூரம்

கடையில் அவளால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. பேட்டரி புல்வெட்டியிலிருந்து பெட்ரோல் புல்வெட்டிக்கு. அங்கிருந்து மறுபடி இங்கே.

கணவரோ பேட்டரிக்காரியை விட்டு நகரவில்லை. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி முன்னும் பின்னும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பொத்தானை அழுத்தினால் போதும், ஓடும்.

பெட்ரோல் புல்வெட்டியைக் கிளப்பக் கயிறு இழுக்க வேண்டும். நெஞ்சைத் திறந்து மூடிய ஆள் அதைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடக்கலாம், தள்ளலாம், இழுக்கத்தான் கூடாது.

மெல்போர்ன் வந்த நாளிலிருந்து சனிக்கிழமை காலையில் புல் வெட்டுவது அவர் வேலை. உள்ளே தோசை வார்ப்பது அவள் வேலை. ஆள் வைக்கலாம் என்று சொன்னால் அவர் முகம் தொங்கிவிடும்.

கடைக்காரர் பேட்டரியை ஓட்டிக் காட்டினார்.

தொட்டிலில் தூங்கும் குழந்தைகூட எழாது என்றார்.

அவள் பெட்ரோல் புல்வெட்டிப் பக்கம் திரும்பினாள்.

அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றைக்கும் சனிக்கிழமைதான். பழைய பெட்ரோல் புல்வெட்டி ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. அதைத் திட்டிக்கொண்டே கல்லில் மாவை ஊற்றினாள்.

சட்டென்று சத்தம் நின்றது.

கைப்பிடியை விட்டால் நின்றுவிடும் இயந்திரம் அது. பாதிப் புல்லில் கைப்பிடியை விடுகிற மனுஷர் இல்லை அவர்.

தோசைக்கரண்டியோடு ஓடினாள்.

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் பிறகு ஆரம்பித்தார். அவள் அவரை முடிக்க விடவில்லை.

"என்ன, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? இதுதான் நல்லா இருக்கே," என்றார் கணவர், பேட்டரி புல்வெட்டியைத் தட்டி.

"நல்லாத்தான் இருக்கு. உள்ள இருந்தா எனக்குக் கேக்காதுங்க."

அவர் சிரிப்பு நின்றது. கை தானாகச் சட்டைக்குள் இருந்த தழும்பின் மேல் போனது.

அவள் கைப்பையைத் தரையில் வைத்தாள். துப்பட்டாவை இடுப்பில் முடிந்தாள். அவருடைய கையை எடுத்துப் பெட்ரோல் புல்வெட்டியின் கைப்பிடியில் வைத்தாள்.

குனிந்து கயிற்றைப் பிடித்தாள்.

அதில் பெட்ரோல் இல்லை என்றார் கடைக்காரர்.

தெரியும், தனக்கு இழுக்க வருகிறதா என்று பார்க்கத்தான் என்று சொல்லிவிட்டு இழுத்தாள். பாதியில் சிக்கிக்கொண்டது.

அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார்.

அவள் காலை அகட்டி வைத்துக்கொண்டு மறுபடி இழுத்தாள்.